சர்வர் படுத்தால் முதல் அரை மணி நேரம்



சர்வர் என்றால் ஹோட்டலில் இட்லி கொண்டு வந்து வைப்பவர் என்றுதான் எனக்கு ஐம்பது வயது வரை தெரியும். இப்போது நம் கடைகளில் பலவற்றில் இன்னொரு சர்வர் வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்லாவில் இரண்டு, குடோனில் ஒன்று, கணக்கு மேஜையில் ஒன்று என்று நாலு கம்ப்யூட்டர் இருக்கும் கடையில், பில், சரக்கு இருப்பு, பாக்கி எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக் கொண்டு மற்ற நாலுக்கும் எடுத்துக் கொடுக்கும் ஐந்தாவது கம்ப்யூட்டர்தான் அது. கேட்டதைக் கொண்டு வந்து வைப்பதால் அதே பெயர். அதற்குள் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கும் பெட்டகத்துக்கு டேட்டாபேஸ் என்று பெயர்.

அது திடீரென்று படுத்துவிட்டால் என்ன செய்வது, மெக்கானிக்கிடம் என்ன சொல்வது என்று எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டுக் கொண்டார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கம்ப்யூட்டர் சாஸ்திரம் எனக்குத் தெரியாது. 2024-ஆம் வருடம் தீபத் திருவிழா சமயத்தில் எங்கள் கடையில் பட்டதும், அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதும்தான் இங்கே எழுதியிருப்பது.

எங்கள் கடையில் நடந்தது

அந்த வருடத்தை நம் ஊர்க்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி கொடியேற்றம், 13-ஆம் தேதி தீபம். அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கேட்டு ஆர்டர்கள் குவிந்து கொண்டிருந்தன. கொடியேறிய மறுநாள் காலை மின்சாரம் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. யு.பி.எஸ். பாட்டரி பழசு, இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சர்வர் மூன்று முறை அணைந்து அணைந்து எரிந்தது. பத்தேகாலுக்கு நாலு கம்ப்யூட்டரிலும் பில் போடும் திரை நின்றுவிட்டது.

திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. கடைப் பையன் "ஓகே" பொத்தானை அழுத்திவிட்டான். வரி மறைந்தது. என்ன எழுதியிருந்தது என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டு, "தம்பி, சிஸ்டம் ஓடல, உடனே வா" என்றேன். அவர் வேலூர் போகும் வழியில் இருந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க முதலாளி" என்றார். பண்ணினோம். திரையில் ஏதோ சுற்றிக் கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடி அணைத்தோம். இப்படி மூன்று தடவை.

அதற்குள் கடைக்கு வந்திருந்த, கம்ப்யூட்டர் ஓரளவு தெரிந்த ஒரு பையன், "ரிப்பேர் கமாண்ட் ஒண்ணு இருக்கு ஐயா, போட்டா திறந்துடும்" என்றான். போட்டான். திறந்தது. பதினோரு மணிக்கெல்லாம் பில் போட ஆரம்பித்துவிட்டோம். அவனுக்கு இருநூறு ரூபாயும் காப்பியும் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் செங்கம் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் பாக்கி கட்ட வந்தார். கணக்கில் 31,000 என்று வந்தது. அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, என் கணக்குல 86,000 இருக்கணுமே. கார்த்திகை மாசம் எடுத்த சரக்கு ரெண்டு பில்லு இதுல வரலியே" என்றார். வேறொருவராக இருந்தால் 31,000 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போயிருப்பார்; நானும் ரசீது கொடுத்து அனுப்பியிருப்பேன். அவர் சொன்ன பிறகுதான் மற்ற பேர்களின் கணக்கையும் பார்த்தோம். பல பேரேடுகளில் ஓட்டை. பில் நம்பர் நடுநடுவே காணவில்லை. திறந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட டேட்டாபேஸ், படிக்க முடியாத பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திறந்திருக்கிறது.

நாள்வழியும் பேரேடும்

இது ஏன் என்பது பழைய முறையில் கணக்கு எழுதியவர்களுக்கு எளிதில் புரியும். நம் பெரியவர்கள் கொடுக்கல் வாங்கலை நடந்த மாத்திரத்தில் நாள்வழியில் குறித்துவிடுவார்கள். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அதைப் பார்த்துப் பேர்வாரியாகப் பேரேட்டில் பதிவார்கள். பாதி பதியும்போது விளக்கு அணைந்து போனாலும் பாதகமில்லை. மறுநாள் நாள்வழியைப் பார்த்து, எது பதிந்தது, எது பதியவில்லை என்று தேடி மீதியை முடித்துவிடலாம். நாள்வழி இருக்கும்வரை பேரேட்டை நேர் செய்துவிடலாம்.

நல்ல டேட்டாபேஸ்கள் எல்லாம் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. பில் போட்டதும் முதலில் "லாக்" என்ற கோப்பில் எழுதும், அதுதான் நாள்வழி. பிறகு சாவகாசமாக டேட்டா கோப்பில் பதியும், அது பேரேடு. நம் பில்லிங் புரோகிராம்கள் பலவற்றுக்கு அடியில் இருக்கும் எஸ்க்யூஎல் சர்வரில் பேரேட்டுக் கோப்பின் பெயர் எம்டிஎஃப் என்றும், நாள்வழிக் கோப்பின் பெயர் எல்டிஎஃப் என்றும் முடியும். கரண்டு போய் சர்வர் அணைந்தால், மறுபடி எரியும்போது அது முதலில் நாள்வழியை எடுத்துப் படிக்கும். முடிந்த வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றும். பாதியில் நின்ற பில்லை ரத்து செய்யும். இதற்கு "ரெக்கவரி" என்று பெயர். கணக்கு பெரிதாக இருந்தால் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். நாங்கள் பார்த்த சுற்றல் அதுதான். நம் கணக்குப்பிள்ளை பேரேட்டை நேர் செய்து கொண்டிருக்கும்போது மூன்று தடவை விளக்கை ஊதி அணைத்ததற்குச் சமம் நாங்கள் செய்தது.

எல்டிஎஃப் கோப்பு சில கடைகளில் பூதம் போல் வளர்ந்து டிஸ்க்கை அடைத்துவிடும். இடம் வேண்டும் என்று அதை அழித்துவிடும் ஆட்களும் உண்டு. நாள்வழியை அடுப்பில் போடுகிற காரியம் அது. லாக்கை முறையாக பேக்கப் எடுத்தாலே உள்ளே இடம் காலியாகிவிடும். எடுக்காமல் விடுவதால்தான் பல இடங்களில் வளர்கிறது.

அந்தப் பையன் போட்ட ரிப்பேர் கமாண்டின் பெயரைப் பிறகு கேட்டுத் தெரிந்து கொண்டேன்: "ரிப்பேர் அலோ டேட்டா லாஸ்". கணக்கு தொலைந்தாலும் பரவாயில்லை, சரி செய் என்று அர்த்தம். பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. அதை ஒரேயடியாகத் தவறு என்று சொல்லவில்லை. வேறு வழியே இல்லாதபோது, கோப்புகளை முழுவதுமாக வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்த நகலின் மேல் போட்டுப் பார்க்க வேண்டிய மருந்து. இருந்த ஒரே பிரதியின் மேல் போட்டதுதான் எங்கள் தப்பு.

எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு கல்லாவில் மட்டும் நின்றதா, எல்லாவற்றிலுமா என்பது. ஒன்றில் மட்டும் என்றால் சர்வரைத் தொடவே கூடாது. அந்தக் கம்ப்யூட்டரின் கேபிள் கழன்றிருக்கும், எலி கடித்திருக்கும்.

எல்லாவற்றிலும் நின்றிருந்தால் சர்வர் கம்ப்யூட்டருக்கே போய் அங்கே பில் திரை திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே திறந்து, கல்லாவில் திறக்கவில்லை என்றால் கணக்குக்கு ஒரு கேடும் இல்லை. நடுவில் இருக்கும் வழியில்தான் கோளாறு. கரண்டு போய் வந்த பிறகு இது அடிக்கடி நடக்கும். ரௌட்டர் அணைந்து எரியும்போது சர்வருக்கு வேறு விலாச நம்பரைக் கொடுத்துவிடும். கல்லாக்கள் பழைய விலாசத்திலேயே கதவைத் தட்டிக் கொண்டிருக்கும். சர்வருக்கு நிரந்தர விலாசம் வைக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

சர்வரிலேயே திறக்கவில்லை என்றால் மூன்று விஷயம் பார்க்கலாம். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? விண்டோஸில் "சர்வீசஸ்" என்ற பட்டியலில் டேட்டாபேஸின் பெயருக்கு எதிரே ஓடுகிறது என்று இருக்கிறதா? முதல் நாள் ராத்திரி யாராவது பாஸ்வேர்டு மாற்றினார்களா, ஆன்டிவைரஸ் புதிதாகப் போட்டார்களா, விண்டோஸ் அப்டேட் ஏறியதா? இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பில் 2022 வரை வந்தவற்றுக்கு ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி அளவுக்கு மேல் வளர முடியாது. பத்து வருடக் கணக்கை ஒரே கம்பெனியில் வைத்திருக்கும் கடை ஒரு நாள் அந்தச் சுவரில் போய் முட்டும். பழைய பில்லைப் பார்க்கலாம், புது பில் மட்டும் ஏறாது. அது பழுது இல்லை, இடப் பற்றாக்குறை.

இதற்கு மேல் நாம் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் டேட்டாபேஸும் விண்டோஸும் தம் உடம்புக்கு வந்ததை எல்லாம் டைரி எழுதுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு எரர் லாக் என்றும், மற்றதற்கு ஈவன்ட் வியூவர் என்றும் பெயர். பேரேடு, நாள்வழியோடு சம்பந்தமில்லாத தனிக் குறிப்பு இது. கரண்டு போனதால் அணைந்ததென்றால் விண்டோஸ் 41 என்ற நம்பரிலும் 6008 என்ற நம்பரிலும் எழுதி வைத்திருக்கும். டிஸ்க் கெட்டுக் கொண்டிருந்தால் "பேட் பிளாக்" என்று 7 என்ற நம்பரில் எழுதும்.

எங்கள் டைரியை அப்புறம் வந்த வேறொரு மெக்கானிக் திறந்து காட்டினார். நாங்கள் கரண்டைத் திட்டிக் கொண்டிருந்தோம். டைரியோ புயலுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே டிஸ்க்கைப் பற்றிப் புலம்பிக் கொண்டிருந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 825 என்ற எச்சரிக்கையை நவம்பரில் ஆறு தடவை எழுதியிருந்தது. ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு தடவைக்கு மேல் முயல வேண்டியிருந்தது என்று அதற்கு அர்த்தம். கரண்டு போய் வந்தது கடைசி அடி மட்டும்தான்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. எங்கள் பில் மேஜையில் இருக்கும் பெண் ஐப்பசிக் கடைசியிலேயே, "ஐயா, பில் சேவ் ஆக முன்ன மாதிரி இல்ல, ரொம்ப நேரம் எடுக்குது, உள்ள கடகடன்னு சத்தம் வருது" என்று மூன்று தடவை சொல்லியிருந்தது. "நெட் ஸ்லோவா இருக்கும்மா" என்று நான்தான் வாயை அடைத்தேன். எங்கள் பில்லுக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மெக்கானிக் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்ததை அந்தப் பெண் ஒரு மாதம் முன்பே சொல்லியாகிவிட்டது.

போனில் என்ன சொல்வது

டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? "சிஸ்டம் ஓடல" என்பதும் அதுவே. இப்போது எங்கள் கடையில் சொல்லும் விதம் ஏறக்குறைய இப்படி:

"தம்பி, காலை பத்தேகால் மணிக்கு நாலு கல்லாவிலும் பில் திரை நின்னுபோச்சு. சர்வர்லயும் திறக்கல. அதுக்கு முன்னாடி கரண்டு மூணு தடவை போய் வந்தது. கடைசியா ஏறின பில் நம்பர் 4417. திரையில வந்த எழுத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கோம். ஒரு தடவை தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. நாங்க எதுவும் அழுத்தல. நேத்து ராத்திரி எடுத்த பேக்கப் வெளி டிஸ்க்ல இருக்கு. ஒரு வாரமா பில் மெதுவாத்தான் ஏறிட்டிருந்தது."

இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம். பாதிப் பழுது எங்கே என்று மெக்கானிக் வண்டியில் வரும்போதே யோசித்துவிடுவார். வேண்டிய டிஸ்க்கையும் கையோடு கொண்டு வருவார். இதில் முக்கியமானது "நாங்க எதுவும் அழுத்தல" என்பது. எதையாவது அழுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பையன்கள் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். அன்று அந்த ரிப்பேர் கமாண்ட் போட்டதை நானே முதல் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பியது தெரிந்தால் சிரிப்பாரே என்று விட்டுவிட்டேன். அதனால் அவர் இரண்டு நாள் தப்பான இடத்தில் தேடினார்.

சர்வர் தானாக ரெக்கவரி செய்து கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் கையெழுத்துப் பில் புத்தகத்தை எடுத்து வியாபாரத்தை நடத்தலாம். இதற்கென்றே வரிசை எண் அச்சடித்த இரண்டு புத்தகம் கல்லாவில் வைத்திருக்கிறோம்.

பெரிய இடங்களிலும்

நம்மைப் போன்ற மளிகைக் கடைக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி மும்பை தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வியாபாரம் நின்றது. இரண்டு டெலிபோன் கம்பெனிகளின் இணைப்பில் கோளாறு வந்து, அதைத் தொடர்ந்து கணக்கெல்லாம் இருக்கும் சேமிப்பு இயந்திரமே பதில் சொல்லாமல் போனது என்று சந்தை பிறகு விளக்கம் கொடுத்தது. அதைக்கூட மன்னிக்கலாம். எப்போது திறக்கும் என்று தெரியாமல் பல புரோக்கர்கள் வாடிக்கையாளர்களின் கணக்கைக் கிடைத்த விலைக்கு பிஎஸ்இ சந்தையில் முடித்துவிட்டார்கள். அதன் பிறகு 3.45-லிருந்து 5 மணி வரை வியாபாரம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. மாற்று இடத்துக்கு ஏன் மாறவில்லை என்று செபி கேட்டது. பழுதை மெக்கானிக்குச் சொல்வது போலவே, நம்மை நம்பி இருப்பவர்களுக்குச் சொல்வதும் ஒரு வேலை என்பதை இதில் பார்க்கலாம். எங்கள் கடை படுத்த அன்று அன்னதான ஆர்டர் கொடுத்தவர்களுக்கு நாங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்று வெளிநாட்டில். கிட்லேப் என்ற கம்பெனி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களின் வேலையைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி ராத்திரி, களைத்துப் போன ஒரு இஞ்சினியர் ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறு சர்வரில் அழித்துவிட்டார். 300 ஜிபி கணக்கில் 4.5 ஜிபி மிஞ்சியதைப் பார்த்துத்தான் நிறுத்தினார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், பேக்கப் எடுக்கும் புரோகிராம் பழைய பதிப்பு. டேட்டாபேஸ் புதிய பதிப்பு. பல நாளாக பேக்கப் எடுபடவே இல்லை. எடுபடவில்லை என்று அது எழுதிய ஈமெயில்களும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த நகலால் தப்பித்தார்கள். அந்த ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, நடந்த தப்பு எல்லாவற்றையும் அன்றே எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தார்கள். அதனால்தான் நானும் இங்கே இருநூறு ரூபாய் கதையை எழுதுகிறேன்.

எங்கள் பேக்கப் கதையும் அப்படித்தான். தினமும் ராத்திரி பென் டிரைவில் தானாக நகல் எடுக்கும்படி செய்திருந்தோம். எடுத்துக் கொண்டும் இருந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி புது வருடக் கணக்குக்குப் புது டேட்டாபேஸ் ஆரம்பித்தபோது நகல் எடுக்கும் இடத்தில் பெயரை மாற்றவில்லை. எட்டு மாதமாகப் பழைய வருடக் கணக்கையே ராத்திரி தவறாமல் நகல் எடுத்து வைத்திருந்தது.

ஜிஎஸ்டி போர்ட்டலில் எல்லாம் இருக்கும், எடுத்துக் கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். பாதிதான் உண்மை. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் வரி உள்ள சரக்குக்கு, ஜிஎஸ்டி எண் உள்ள கடைக்காரருக்குப் போட்ட பில்தான் தனித்தனியாக இருக்கும். வரி விலக்குள்ள சரக்குக்கு மொத்தத் தொகை மட்டுமே. யார் எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்பது அங்கே கிடையவே கிடையாது. அதோடு, தொலைந்தது நவம்பர் பில்கள். அதற்கான படிவத்துக்குக் கெடு டிசம்பர் 11-ஆம் தேதி. இன்னும் அனுப்பவே இல்லை. சட்டமும் நம் பக்கம் இல்லை. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் வருட ஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது விதி சொல்கிறது.

எங்களைக் காப்பாற்றியது லோடு ஏற்றும்போது கிழிக்கும் கார்பன் காப்பிகளும், வசூலுக்குப் போகும் எங்கள் பழைய கணக்குப்பிள்ளையின் நோட்டும்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் நோட்டை விடவில்லை. "வீண் வேலை" என்று நான் கேலி செய்ததுண்டு. அவரும் பில் மேஜைப் பெண்ணும் உட்கார்ந்து 19 நாள் ஒவ்வொரு பேராகச் சரி பார்த்தார்கள். 1,12,000 ரூபாய் யாரிடம் என்று இன்றுவரை தெரியவில்லை. எழுதித் தள்ளிவிட்டேன்.

இப்போது புது டிஸ்க் இரண்டு, ஒன்று போனாலும் மற்றது ஓடும்படி போட்டிருக்கிறது. பேக்கப்புக்கு வெளி டிஸ்க்கும் இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில். நகல் எடுத்ததும் கழற்றிவிடுவோம். எப்போதும் சொருகியே இருந்தால், கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களில் அப்படித்தான் புகுந்து, நோயாளிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. யு.பி.எஸ். பாட்டரியின் மேல் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய லேப்டாப் ஒன்றில் பேக்கப்பைத் திறந்து, மூன்று பேர் பாக்கியைக் கணக்குப்பிள்ளையின் நோட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். அரை மணி நேர வேலை. மூன்றில் ஒன்று எப்போதும் அந்தச் செங்கம்காரருடைய கணக்குதான்.